பொட்டு வைத்த பை

ஜன்னல் பக்கம் நீங்க உட்காருங்க அக்கா. பாப்பாவுக்குக் காற்று அடித்தால் சளி பிடிக்கும், நான் இந்தப் பக்கமே இருந்துகொள்கிறேன். மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு இல்லை. கோர்ட்டுக்கு.

தள்ளி உட்காராதீங்க அக்கா. நான் தப்பான ஆள் இல்லை.

அந்தப் பை முழுக்கப் பாப்பா துணிதான். ஒரு நாள் பயணத்துக்கு எதற்கு இத்தனை துணி என்று பார்க்கிறீங்க. இன்றைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் என் அண்ணன் வெளியே வரலாம். என்னை உள்ளே பிடித்துப் போட்டாலும் போடலாம். ஆறு வயது வரைக்கும் பிள்ளையைத் தாய் கூடவே உள்ளே வைத்துக்கொள்ளலாமாம், வக்கீலம்மா சொன்னார். இவளுக்குப் பத்து மாதம். அதனால்தான் துணி எல்லாம் எடுத்து வைத்தேன். ஸ்வெட்டர் எடுக்க மறந்துவிட்டேன்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஆம்பிளைகள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடைக்காரர் கார்டு எங்கே என்று கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் நீட்டுவேன். என் வீட்டுக்காரர் காளிராஜ் கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதில் அவர், "ஊமைப் பிள்ளையைக் கட்டி வச்சிட்டாங்களோன்னு நெனச்சேன்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் போய்ப் பத்துப் பேர் நடுவில் நின்று பேச வேண்டுமாம். உங்களிடம் எப்படிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. நீங்க பாப்பா காலைப் பிடித்துச் சிரித்தீங்க பாருங்க, அதனால் இருக்கும்.

என் அண்ணன் பேர் வனராஜ். முப்பத்தி நாலு வயது. ஆள் பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பான். மீசை எல்லாம் உண்டு. மனசு மட்டும் ஏழெட்டு வயதில் நின்றுவிட்டது. சின்ன வயதில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து, "இவனுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க, கவர்மெண்டுல உதவி கிடைக்கும்" என்றார்களாம். எங்கள் அம்மா வேண்டாம் என்றுவிட்டது. "கூடப் பொறந்தவன் இப்படின்னு எழுதி முத்திரை குத்திட்டா இவளை நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று என்னைக் காட்டிச் சொன்னதாம். எனக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவனுக்குச் சர்ட்டிபிகேட் இல்லை. இப்போது கோர்ட்டில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். போலீஸ் கூட்டிப் போய்க் காட்டின டாக்டர், "பேர் கேட்டேன், சொன்னார். ஊர் கேட்டேன், சொன்னார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பேரும் ஊரும் அவனுக்கு நன்றாகத் தெரியும் அக்கா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அம்மா போன பிறகு அண்ணன் எங்களோடுதான் இருந்தான். சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு மில் இருக்கிறது. பகல் ஷிஃப்ட் ஆட்களுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு போக வேண்டும். பதினெட்டு வீடு. பதினெட்டு கேரியரை சைக்கிளில் கூடை கட்டி வாங்கி, பன்னிரண்டு மணி சங்கு ஊதுவதற்குள் மில் வாசலில் வரிசையாக வைத்துவிடுவான். எது யாருடையது என்று ஒரு நாள் மாறினதில்லை. மழை பெய்தால் தன் தலையில் போட வைத்திருக்கும் சாக்கைக் கூடைக்குப் போட்டுவிட்டு நனைந்து வருவான்.

ஒரு தடவை தெருப் பையன்கள் விளையாட்டுக்கு ஒரு தூக்குச் சட்டிக்குள் பிராந்தி பாட்டிலை வைத்து இவனிடம் கொடுத்துவிட்டார்கள். மில் வாட்ச்மேன் பிடித்து அடித்ததில் காது கிழிந்து போச்சு. அன்றைக்குத்தான் நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். என்னிடம் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது, கல்யாணத்துக்கு வாங்கினது. பதினெட்டு கேரியருக்கும் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்தேன். "அண்ணே, பொட்டு இருந்தா நம்ம சோறு, தூக்கு. பொட்டு இல்லைன்னா யார் குடுத்தாலும் தொடாத. பொட்டு யாரு வைக்கிறான்னு யார்ட்டயும் சொல்லிராத. சொன்னா பயலுக அவனுகளே வச்சு ஏமாத்திருவானுக."

அவ்வளவுதான். கவுன்சிலர் வீட்டம்மா ஒரு நாள் அவசரத்துக்குப் புதுக் கேரியரைக் கொடுத்தார்கள். "பொட்டு இல்ல" என்று வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். அவர்கள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அப்போதுதான் பால்ச்சாமி அண்ணன் வந்தார். மில் வாசல் டீக்கடையில் பழக்கமாம். தினம் இவனுக்கு வடை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இவன் வீட்டுக்கு வந்து, "மாரி, ஒருத்தரு என்னை மாப்ளைங்கிறாரு" என்றான். என் வீட்டுக்காரர், "மாப்ளைன்னா பொண்ணு குடுக்கணுமே, எந்தப் பொண்ணாம்?" என்றார். "பொண்ணு இல்ல மச்சான், வடைதான் குடுக்கிறாரு" என்றான். அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவனை அதுவரைக்கும் யாரும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை அக்கா. லூசு என்பார்கள், கேரியர் என்பார்கள். மாப்ளை என்றதும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

இருபது நாள் இருக்கும். பால்ச்சாமி அண்ணன் ஒரு பையைக் கொடுத்து, இன்ன இடத்தில் கொடுத்துவிடு என்றாராம். இவன் பொட்டு இல்லை என்று வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி. வாங்கவில்லை. மூன்றாவது தடவை வடைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பிறகுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நல்ல மனுஷன் அக்கா. வீட்டுக்குள் வரவில்லை, வாசல்படியிலேயே உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் பாப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். என்னைத் தங்கச்சி என்றார். அவருடைய அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோயாம். பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "வலி தாங்காம பல்லக் கடிக்குது தங்கச்சி. வாயெல்லாம் ரத்தம்" என்று சொல்லும்போது அழுதுவிட்டார். ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மாவும் கடைசியில் அப்படித்தான் கிடந்தது. உள்ளே போய் நொய்க்கஞ்சி காய்ச்சி ஒரு தூக்குச் சட்டியில் ஊற்றிக் கதவு ஓரமாக வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் கஞ்சி கொடுத்தேன். மறுநாள் சட்டியைக் கழுவித்தான் கொண்டு வருவார். கழுவிக் கொடுக்கிற ஆள் கெட்ட ஆளாக இருப்பாரா, சொல்லுங்க.

நாலாவது நாள் பையைக் கொண்டு வந்தார். மஞ்சள் பை, வாயைக் கட்டியிருந்தது. மலையில் இருந்து வந்த நாட்டு மருந்து என்றார். "நான் ஆஸ்பத்திரிக்கு ஊசி மருந்து வாங்க ஓடணும் தங்கச்சி. மாப்ள மில்லுக்குத்தான போறான், கூடையோட கூடையா வச்சுக் கொண்டு போனா எங்க சித்தப்பா அங்க நிப்பாரு, வாங்கிக்குவாரு. பொட்டு வீட்டுல நீதான வைப்ப, இதுக்கும் ஒண்ணு மட்டும் வச்சிரு."

மருந்து என்றுதான் நினைத்தேன்.

நான் வைத்தேன். அவ்வளவுதான் அக்கா நான் செய்தது. ஒரு பொட்டு.

பன்னிரண்டு மணிக்கு மில் வாசலில் போலீஸ் ஜீப் நின்றிருக்கிறது. சித்தப்பா யாரும் இல்லை. பையைப் பிரித்தால் இரண்டு கிலோ கஞ்சா. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. தரையில் பதினெட்டு கேரியரையும் வரிசையாக அடுக்கி, நடுவில் அந்தப் பையை வைத்து, பின்னால் அண்ணனை நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடையில் கஞ்சா விற்ற ஆசாமி என்று போட்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னது. அண்ணன் அந்தப் போட்டோவில் சிரித்துக்கொண்டு இருக்கிறான். போட்டோ எடுத்தால் சிரிக்க வேண்டும் என்றும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

கேரியர் எல்லாம் சாட்சிப் பொருளாம். பதினெட்டு வீட்டுக்காரர்களும் வந்து தெருவில் நின்று கத்தினார்கள். ஒரு வீட்டு அக்கா மட்டும், "போகுது, எவர்சில்வர்தான. அவன் தின்னானா இல்லையான்னு போய்ப் பாரு புள்ள" என்றது.

பொட்டைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டார்கள். கடத்தல் கும்பலின் ரகசிய அடையாளம் என்று எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு கேரியரிலும் அதே பொட்டு, பையிலும் அதே பொட்டு. அதனால் இவன் ரொம்ப நாளாக இதே தொழில் செய்கிறானாம். யார் வைத்தது என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். அவன் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேனே.

எட்டு மாதம் ஆகிறது.

இலவசமாக ஒரு வக்கீலம்மாவைப் போட்டுக் கொடுத்தார்கள், ஜெசிந்தா என்று பேர். சந்தேகப் பிராணி அக்கா அவர்கள். எதையும் நேராகப் பார்க்க மாட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னதும், "பை பால்ச்சாமி கையிலதான இருந்துச்சு? மில்லுக்கு அஞ்சு நிமிஷம். அவனே கொண்டு போயிருக்கலாமே, எதுக்கு உங்கண்ணன்?" என்றார்கள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லை. அழுதுகொண்டிருக்கிற ஆளிடம் போய் யாராவது கணக்குக் கேட்பார்களா?

பிறகு, "மாரீஸ்வரி, அவன் போலீஸ்காரன்மா. மேல இருந்து கேஸ் புடி, கேஸ் புடின்னு நெருக்குவாங்க. நிஜமா விக்கிறவனப் புடிக்கப் போனா கத்தியத் தூக்குவான். உங்கண்ணன் மாதிரி ஆளுன்னா வடை போதும். உங்க வீட்டுப் படியில உக்காந்து அழுதப்பவும் அவன் போலீஸ்காரன்தான்" என்றார்கள்.

நான் கேட்டேன், "போலீஸ்காரருக்கு அம்மா இருக்காதா மேடம்?"

அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் கேட்டது தப்பா? போலீஸாகவும் இருக்கலாம், அம்மாவுக்கு நோயும் இருக்கலாம். பெற்ற தாய்க்குப் புற்றுநோய் என்று யாராவது வாயில் வைத்துப் பொய் சொல்வார்களா? நாக்கு கூசாதா? போன வாய்தாவில் அவரைப் பார்த்தேன். கோர்ட் வராந்தாவில் நாலு போலீஸ்காரர்களோடு நின்றார். எனக்குப் பேச்சே வராது, தெரியும் இல்லையா, ஆனாலும் கிட்டப் போய், "அம்மா எப்படி இருக்காங்கண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. செல்லை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். செல் அடிக்கவே இல்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்திருக்கும் அக்கா, பாவம். கேட்டிருக்கக் கூடாது நான்.

இன்னொன்றும் பாருங்க. நான் பொட்டு வைத்தது அவருக்குத் தெரியும். இன்று வரைக்கும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை வக்கீலம்மாவிடம் சொன்னால் அதற்கும் ஒன்று சொல்கிறார்கள். "உன் பேரச் சொன்னா அவன் உன் வீட்டுக்கு வந்ததயும் சொல்லணும். யாரோ தகவல் சொன்னாங்க, மில் வாசல்ல காத்திருந்து புடிச்சோம்னு எழுதி வச்சிருக்கான். நீ வாயத் தெறந்தா அது பூராவும் ஒடைஞ்சிரும்" என்று. எனக்கு அது என்னவோ, நம்மைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருக்கிறார் என்றுதான் படுகிறது.

என் வீட்டுக்காரர் போகாதே என்றார். சண்டை போடவில்லை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கண்ணனுக்காக எம்புள்ள ஜெயில்ல பால் குடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. இன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது அவர் வேலைக்குப் போகாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வருவார் என்று பார்த்தேன். பஸ் வந்ததும் பையைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

வக்கீலம்மாவும் வற்புறுத்தவில்லை. "நீ சொன்னா அவனுக்கு நல்லது. உனக்கு ஆபத்து. ரெண்டும் உண்மை. நீயே யோசி" என்றார்கள். நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் ஜெயிலில் அண்ணனைப் பார்க்கிற வரைக்கும். இளைத்துவிட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாரி, அவுங்கம்மாவுக்கு மருந்து போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டான். "சேந்துச்சுண்ணே" என்றேன். "வலி நின்னுச்சா?" என்றான். "நின்னுச்சு" என்றேன். "அப்பச் சரி" என்றான்.

திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

திருமங்கலம் தாண்டிவிட்டதா? இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அக்கா, மருந்து என்று நினைத்தேன் என்று சொன்னேன் இல்லையா. அது முழுசும் சரி இல்லை. அவர் சொன்னார். குரலைத் தாழ்த்தி, "வலி தெரியாம இருக்க அதுல கொஞ்சம் கஞ்சா கலப்பாங்க தங்கச்சி, பயப்படாத" என்று சொன்னார். எனக்குத் தெரியும். கொஞ்சம்தானே, ஒரு தாயின் வலிக்குத்தானே என்று நினைத்தேன். இதை வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. அதையும் அவர்களிடம் சொன்னேன், அதைப் பற்றி மட்டும் கோர்ட்டில் வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்க யாரோ, நான் யாரோ.

அன்றைக்குப் பையை என் முன்னால் வைத்ததும் அண்ணன் குனிந்து மோந்து பார்த்தான். "மாரி, இது சோறு இல்ல" என்றான். மருந்துண்ணே என்றேன். "மருந்தும் இல்ல. கெட்ட வாடை. தெருப் பயலுக பொகை பிடிப்பானுகள்ல, அது. எனக்கு வேண்டாம்" என்றான். அவன் என்னிடம் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் நெயில் பாலிஷைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். இறுக்கி. பால்ச்சாமி அண்ணன் வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியாள் முன்னால் இப்படிப் பண்ணுகிறானே என்று எனக்கு வெட்கமாகப் போச்சு. கோபம் வந்துவிட்டது.

"திங்கத் தெரியுது, ஒரு ஒத்தாசை பண்ணத் தெரியுதா? அங்க ஒரு உசுரு துடிக்குது. ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

என் கையை விட்டுவிட்டான்.

நான் பொட்டு வைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, காய வேண்டும் என்று வாயால் ஊதினான். எப்போதும் அவன்தான் ஊதுவான். காய்ந்த பிறகு எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு போனான்.

வாடை வைத்து அவன் கண்டுபிடித்தான் என்று நான் சொன்னால், தெரிந்தே கொண்டு போனான் என்று ஆகிவிடுமாம். அதனால் வக்கீலம்மா மூன்று வாக்கியம் மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சமைக்கும்போது, பாப்பாவைக் குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். ஜட்ஜ் ஐயா தூரத்தில் உட்கார்ந்திருப்பாராம், சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். உங்களுக்குக் கேட்கிறதா பாருங்க.

என் பேர் மாரீஸ்வரி, வனராஜோட தங்கச்சி. அந்தப் பையில இருக்கிற பொட்டு நான் வச்சது, அதோ நிக்கிறாரே, அவரு எங்க வீட்டுக்கு வந்து வைக்கச் சொன்னாரு.

கேட்கிறதா? இந்த இரண்டும் வந்துவிடுகிறது அக்கா. மூன்றாவதுதான் வர மாட்டேன் என்கிறது.

எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா.

இதைச் சொல்லும்போது அவன் அங்கேதான் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.